எதிரியே இல்லாத வாள் கலையில் காசுக்குப் பட்டமா?

வாளை உருவி, வெட்டி, ரத்தத்தை உதறுவதுபோல் வீசி, மறுபடி உறையில் செருகுவது. ஜப்பானின் 'இயாய்டோ' கலையின் அடிப்படை இதுதான். எதிரே ஆள் கிடையாது. எதிரியை நாமே கற்பனை செய்துக்கணும்.

16ஆம் நூற்றாண்டின் ஹயாஷிசாகி ஜின்சுகேவை இதன் முன்னோடி என்கிறார்கள். 1876ல் பொது இடத்தில் வாள் அணிய அரசு தடை போட்டது. கலை சாகலை, குருக்கள் சீடர்களிடம் கைமாற்றினார்கள். அனைத்து ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு 1969ல் 7 பொதுப் பயிற்சிகளை வகுத்தது, இப்போது 12.

ஆளை வீழ்த்தி நிரூபிக்க வழியில்லாததால், தேர்வாளரின் கண்தான் தராசு. அங்கேயே காசு புகுந்தது: உயர்நிலையான எட்டாம் டான் தேர்வில் பணம் கைமாறிய விவகாரம் 2018ல் வெளியே வந்தது. 'பழக்கம்தானே' என்று இதைக் கடந்துபோகக் கூடாது. காசு கொடுத்துத் தேறியவர்தான் நாளைய குரு. அவர் தப்பாகக் கற்றுக்கொடுத்தாலும், சுட்டிக்காட்ட எதிரே எதிரி இல்லையே!