கல் விழுந்தால் யார் கட்டுவது?

சகோதரிகளே, சென்ற மாதம் பாலையூற்றில் கண்டி வீதியால் பாடசாலைப் பிள்ளைகளை ஓட்டோவில் ஏற்றி வந்தேன். முன்னால் போன டிப்பரிலிருந்து கருங்கல்லொன்று விழுந்து முன்கண்ணாடி சிதறியது. பிள்ளைகளுக்குக் காயமில்லை. பதற்றத்தில் டிப்பரின் இலக்கத்தைப் பார்க்கவில்லை.

லீசிங் கட்டி முடித்ததும், செலவைக் குறைக்க முழுக் காப்புறுதியை விட்டு மூன்றாந் தரப்புக்கு மாறியிருந்தேன். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியது அதைத்தான். ஆனால் அது நம்மால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கே. நமது வண்டிக்கு ஒரு சதமும் வராது. (கையெழுத்திடும்போது இதை யார் கேட்கிறோம்?)

சரியாக மூடாத பாரத்திலிருந்து கல் விழுந்தால் அது டிப்பர்காரரின் கவனயீனம். அவரிடமும் அவரது காப்புறுதிக் கம்பனியிடமும் நட்டம் கேட்கலாம். அதற்கு வாகன இலக்கம், பொலிஸ் முறைப்பாடு, சாட்சி வேண்டும். வீதியில் கிடந்த கல்லைச் சில்லு தெறிக்கவைத்தாலோ, பிழை அவருடையதென்று காட்டுவது கடினம். அப்போது கைகொடுப்பது நமது முழுக் காப்புறுதிதான். அது உள்ளவர்கள் வண்டியைத் திருத்தக் கொடுக்குமுன் கம்பனிக்கு அறிவியுங்கள். உடைந்ததைப் படமெடுத்து வையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் முறையிட அக்கடிதம் உதவும்.

எனக்கு மூன்று நாள் ஓட்டமில்லை. சீட்டுக் காசு கண்ணாடிக்குப் போயிற்று. இப்போது ஓட்டோவில் பேனையும் கொப்பியும் வைத்திருக்கிறேன்.