குடித்ததைச் சொல்லும் நோயாளிக்குத் தண்டனை கூடாது

ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் உயர்ந்திருப்பதாகவும், ஸ்கேனில் ஈரலில் கொழுப்புப் படிந்திருப்பதாகவும் சொல்லப்பட்டு, வியாதி எந்த அளவில் இருக்கிறதென்பது நிச்சயமாகத் தெரிவதற்கு முன்னரே அச்சத்தோடும் வெட்கத்தோடும் காலங்கழிக்கிற குடிப்பழக்கமுள்ளவர்களையும், அவர்களைக் காட்டிலும் அதிகமாகக் கலங்கி நிற்கிற அவர்களுடைய மனைவி மக்களையும் முன்னிட்டே எங்கள் சங்கம் இவ்வறிக்கையை வெளியிடுகிறது. மதுவினால் வந்த, அல்லது வந்திருக்கலாமென்று சந்தேகிக்கப்படுகிற கல்லீரல் நோய்க்குச் சிகிச்சை பெறும் உரிமை, வேறெந்த நோய்க்கும் உள்ள உரிமையைவிட அணுவளவும் குறைந்ததன்று என்பதும், தாம் குடித்ததை மருத்துவரிடம் உள்ளபடி சொன்ன காரணத்தால் எந்த நோயாளிக்கும் அவமானமோ பணநஷ்டமோ நேரக்கூடாது என்பதும் எங்கள் நிலைப்பாடு. மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்ற பழைய விவாதத்தில் எங்கள் அங்கத்தினர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. இந்த விஷயத்தில் இல்லை.

கல்லீரல் கெடத் தொடங்கும்போது பெரும்பாலும் வலி தெரிவதில்லை. நம் ஊரில் குவார்ட்டர் என்று வழங்கும் 180 மில்லி பிராந்தியில் ஏறத்தாழ 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. நாள்தோறும் இவ்வளவு உட்கொண்டு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஈரலில் கொழுப்புச் சேர்கிறது. பல ஆண்டுகள் அப்படியே தொடர்ந்தால், 100 பேரில் 10 முதல் 20 பேருக்கு அழற்சியும் தழும்பும் மேன்மேலும் ஏறி, ஈரல் சுருங்கிப்போகும் சிரோசிஸ் என்ற நிலை வந்து சேர்கிறது. பீர்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறவர்கள், எட்டு சதவிகித ஆல்கஹால் உள்ள ஒரு பெரிய பீர் பாட்டிலில் 40 கிராம் இருக்கிறதென்பதை அறியவேண்டும். கொழுப்பு மட்டும் சேர்ந்திருக்கிற பருவத்தில் குடியை நிறுத்திவிட்டால் சில வாரங்களிலேயே அது கரைந்துவிடக்கூடும். தழும்பு விழுந்த பின்னரும் நிறுத்தியவருக்கு ஆயுள் நீள்கிறது. ஆனால் கண் மஞ்சளித்து, வயிற்றில் நீர் கோத்து மகோதரமாகி, ரத்த வாந்தியும் புத்தித் தடுமாற்றமும் தோன்றிய பிறகே பலர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். 'இருக்கலாம்' என்று மருத்துவர் சந்தேகத்தோடு சொல்கிற அந்த ஆரம்ப காலம் எவ்வளவு அருமையானதென்பதும், அதை வெட்கம் எப்படி விழுங்கிவிடுகிறதென்பதும் எங்களில் பலர் கண்ணாரக் கண்டவை.

உண்மையைச் சொல்வதென்பது இங்கே ஒழுக்க விஷயமாக மட்டும் நிற்பதில்லை. சிகிச்சையே அதன்மேல் நிற்கிறது. சர்க்கரை வியாதியாலும் உடற்பருமனாலும் படிகிற கொழுப்பும், மதுவினால் படிகிற கொழுப்பும் ஸ்கேனில் ஒன்றுபோலவே தோன்றும். எவ்வளவு, எத்தனை ஆண்டுகள் என்று நோயாளி சொன்னாலொழிய வேறுபாடு எளிதில் விளங்காது. அதைவிடப் பெரிய அபாயம் ஒன்றுண்டு. தினமும் மிகுதியாகக் குடித்து வந்தவர், வேறேதோ காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தோ, ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு வைராக்கியத்தோடோ, ஒரே நாளில் முற்றும் நிறுத்திவிடும்போது, கை நடுக்கத்தில் தொடங்கி, முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், அதற்கடுத்த நாட்களில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சித்தப் பிரமையும் வரக்கூடும். உயிரே போவதும் உண்டு. காற்று கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப்போன குடும்பங்களும் இருக்கின்றன. குடியின் அளவு முதல் நாளே தெரிந்திருந்தால், தயமின் என்ற வைட்டமின் ஊசியும் தகுந்த மருந்துகளும் கொடுத்து இவற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். நிறுத்தவே வேண்டும், மருத்துவர் பார்வையில் நிறுத்தவேண்டும்.

இவ்வளவு அவசியமான உண்மையை நோயாளி ஏன் மறைக்கிறார்? புறநோயாளிப் பிரிவில் பத்துப் பேர் முன்னிலையில், "குடிச்சு ஈரலைக் கெடுத்துக்கிட்டு எங்க உயிரை ஏன்யா வாங்குற?" என்று ஒருமுறை கேட்கப்பட்டவர், அடுத்த முறை, "எப்பவாவது கொஞ்சம் சார்" என்றுதான் சொல்வார். கூட்டத்தாலும் களைப்பாலும் நொந்துபோன மருத்துவர்களின் சிரமத்தை நாங்கள் அறியாதவர்களல்லர். ஆயினும் குடியைப் பற்றிய விசாரணை, தனித்த இடத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கேட்கிற அதே குரலில் நடைபெறவேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.

குடும்பத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். குடிப்பவர் அறியாமல் குழம்பில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கப்படும் மருந்துகளை வாங்காதீர்கள். குடியை வெறுக்கச் செய்யும் டைசல்ஃபிரம் என்ற மருந்து ஈரலையே தாக்கக்கூடியது. அதை உட்கொண்டிருப்பது தெரியாமல் குடிக்கிறவருக்கு ரத்த அழுத்தம் விழுந்து பிராணாபத்து நேரிடலாம். கீழாநெல்லியைக் கொடுத்துவிட்டோமென்ற நிம்மதியில் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும், ஈரல் நோயென்றதும் முட்டையையும் பருப்பையும் பாலையும் நிறுத்திக் கஞ்சி மட்டும் வார்ப்பதும் தவறு. ஈரல் சுருங்கிய நோயாளியின் தசை வெகு வேகமாகக் கரைவதால், அவருக்குப் புரதம் சாதாரண மனிதரைவிட அதிகமாக வேண்டும்; இரவு படுக்குமுன் சிறிது ஆகாரமும் நல்லது. குறைக்கவேண்டியது, வயிற்றில் நீர் கோத்தவருக்கு, ஊறுகாய், அப்பளம், கருவாடு வழியாகச் சேர்கிற உப்பு.

மாற்று ஈரல் பொருத்துவதற்கு முன் ஆறு மாதம் குடிக்காமலிருந்து காட்டவேண்டுமென்ற நிபந்தனையைப் பற்றியும் எங்கள் கருத்தைச் சொல்லவேண்டும். மதுவினால் ஈரல் கடுமையாக வெந்து, மருந்துக்கும் இணங்காத நோயாளிகளுக்கு ஆறு மாதமென்பது பெரும்பாலும் கிடைக்காத அவகாசம். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 26 பேருக்குக் காத்திராமல் மாற்று ஈரல் பொருத்தி, 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் 77 சதவிகிதம். அச்சிகிச்சை பெறாதவர்களில் 23 சதவிகிதமே. தானமாக வரும் ஈரல்கள் சொற்பம் என்பதால் தேர்வு அவசியந்தான். அத்தேர்வு நோயாளியின் நிலையையும், மீண்டும் குடிக்காதிருக்க அவருக்குள்ள துணையையும் பார்த்து நடக்கட்டும். நாட்காட்டியை மட்டும் பார்த்து நடக்கவேண்டாம்.

இனி அரசாங்கத்திடம் நாங்கள் கேட்பது. 1983இல் தோன்றிய, தமிழக அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே நடத்தி வருகிறது. விற்றவருக்கு, வாங்கிக் குடித்து நோயுற்றவரிடம் ஒரு கடமை உண்டென்பதை யாரும் மறுக்க முடியாது. ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் ஈரல் மருத்துவரும் மனநல மருத்துவரும் ஒரே நாளில், ஒரே இடத்தில் நோயாளியைப் பார்க்கும் ஏற்பாடு வேண்டும். ஈரலுக்கு ஒரு கட்டிடமும் குடிக்கு வேறொரு கட்டிடமுமாக இருக்கிறவரையில், இரண்டாவது கட்டிடத்துக்கு நோயாளி போவதில்லை.

காப்பீட்டு ஒப்பந்தங்களில் குடிப்பழக்கத்துக்கும் அதன் விளைவுகளுக்குமான சிகிச்சையை விலக்கும் ஷரத்து வழக்கமாக இடம்பெறுகிறது. மது துஷ்பிரயோகத்தோடு சம்பந்தப்பட்ட மனக்கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்து, மனநோய்க்கு உடல் நோய்க்குச் சமமாகக் காப்பீடு வேண்டுமென்று விதிக்கும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கு இது முரணென்று கருதுகிறோம். கேஸ் ஷீட்டில் 'குடிப்பவர்' என்ற ஒரு சொல் ஏறினால் லட்சக்கணக்கான ரூபாய் கைவிட்டுப் போகுமென்று தெரிந்த மனைவி, கணவனுக்கு முன்னால் தானே முந்திக்கொண்டு, "அவர் குடிக்கமாட்டார்" என்று மருத்துவரிடம் சொல்லிவிடுகிறாள். அந்த ஷரத்தை நீக்கும்படி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.