மதிலில் படைவீரர் இருக்கலாம், வெள்ளைச் சீலை இருக்கக் கூடாதா?



ஊர் மக்களே, பெற்றோர்களே, பழைய மாணவர்களே,

கொஞ்சம் நீளமான பதிவு. வாசித்துவிட்டுத் திட்டுங்கள், வாசிக்காமல் திட்ட வேண்டாம்.

பாடசாலையின் முன் மதிலுக்குப் பெயின்ட் அடித்துச் சித்திரம் வரையப் பழைய மாணவர்கள் சிலர் செலவை ஏற்க முன்வந்தார்கள். அல்லாஹ் அவர்களுடைய தொழிலில் பரக்கத் செய்யட்டும். தலைப்பையும் அவர்களே தந்தார்கள்: "கொரோனாக் காலமும் எங்கட ஊரும்." தரம் 9, 10 பிள்ளைகள் மூன்று வாரம் உட்கார்ந்து மாதிரிப் படங்கள் வரைந்தார்கள். ஐந்து படங்களைத் தெரிவு செய்து கூட்டத்தில் வைத்தோம்.

நான்கு படங்களுக்கு உடனே சம்மதம் கிடைத்தது. வெள்ளைக் கோட் போட்ட டொக்டர். முகக்கவசம் அணிந்த தாதி. கை கழுவும் சின்னப் பிள்ளை. உலர் உணவுப் பொதியைத் தூக்கி வரும் படைவீரர்.

ஐந்தாவது படத்தில் ஓர் இரும்பு வேலி. வேலி முழுக்க வெள்ளைச் சீலைத் துண்டுகள். அவ்வளவுதான். ஆளும் இல்லை, எழுத்தும் இல்லை.

அதை மட்டும் "வேண்டாம்" என்றார்கள். ஏன் என்று கேட்டபோது ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அந்தக் காரணங்களுக்கு அங்கேயே பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்தப் படம் என்ன என்பதை ஞாபகப்படுத்த வேண்டும். இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பெரியவர்களில் பலர் மறந்துவிட்டார்கள், அல்லது மறந்தது போல இருக்கிறார்கள்.

2020 மார்ச் மாதம் உலக சுகாதார நிறுவனம் தன்னுடைய வழிகாட்டலில், கொவிட் தொற்றினால் இறந்தவர்களை அடக்கலாம், எரிக்கவும் செய்யலாம் என்று சொன்னது. உலகின் பெரும்பாலான நாடுகள் அப்படித்தான் செய்தன. எங்கள் நாட்டில் ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி அறிவித்தல் வந்தது, எரிப்பதைக் கட்டாயமாக்கி. நிலத்தடி நீர் என்றார்கள். டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கே எடுக்காமல் தள்ளுபடி செய்தது. எட்டு நாள் கழித்து, டிசம்பர் 9ஆம் திகதி, 20 நாள் வயதுக் குழந்தை ஒன்று பெற்றோரின் சம்மதம் இல்லாமலே பொரளையில் எரிக்கப்பட்டது.

அந்த வார இறுதியில்தான் பொரளை கனத்தை மயான வேலியில் வெள்ளைச் சீலைத் துண்டுகள் தொங்க ஆரம்பித்தன. மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, கொடி இல்லை. வந்தவர்கள் ஒரு துண்டைக் கட்டினார்கள், கொஞ்ச நேரம் நின்றார்கள், போனார்கள். கூட்டம் கூடத் தடை இருந்த காலம் அது. ஆனால் ஒரு துண்டைக் கட்டிவிட்டுப் போக கூட்டம் தேவையில்லை. ஒருவர் வந்தால் போதும். அவர் போன பிறகும் அவருடைய சீலை அங்கே நிற்கும்.

இரவோடிரவாக அவற்றைக் கழற்றி எடுத்தார்கள். மக்கள் திரும்பவும் வந்து கட்டினார்கள். அதன் பிறகு வீட்டுக் கேற்றிலும் ஜன்னலிலும், வெளிநாடுகளில் வாழும் எங்கள் மக்கள் கையிலும் அந்தச் சீலை போய்ச் சேர்ந்தது.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் பொதுக்கலை பற்றிப் படிப்பித்தார்கள். சிலை, சுவரோவியம், நினைவுத் தூபி என்று குறிப்பு எழுதி மனனம் செய்து பரீட்சை எழுதினோம். ஆனால் பொதுக்கலை என்றால் என்ன என்பது எங்களுக்கு விளங்கியது கனத்தை வேலியில்தான். அதைச் செய்த கலைஞர் யார் என்று கேட்டால் பதில் இல்லை. செலவு எவ்வளவு என்றால், ஒரு முழம் சீலை. ஆனாலும் பார்த்த எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

ஏன் தேவைப்படவில்லை? வெள்ளைச் சீலை எங்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. எங்களுக்கு அது கபன். சிங்கள மக்களின் மரண வீட்டுக்குப் போகும் பாதை நெடுக வெள்ளைக் கொடி கட்டியிருப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? அவர்களுடைய இறுதிச் சடங்கில் பிக்குமாருக்கு வெள்ளைத் துணி வழங்குவார்கள், அதற்கு "மதக வஸ்த்ர" என்று பெயர். தமிழ் மக்களின் செத்த வீட்டிலும் வெள்ளைதான். இந்த நாட்டில் நாலு சமூகமும் ஒரே மாதிரி வாசிக்கக் கூடிய எழுத்து ஒன்று உண்டென்றால் அது மையித்துக்குப் போர்த்தும் வெள்ளைதான். அதனால்தான் சிங்களவரும் தமிழரும் கிறிஸ்தவ மதகுருமாரும் வந்து எங்களோடு நின்று கட்டினார்கள். எங்கள் துக்கத்தை அவர்களுடைய மொழியில் சொன்னோம். அது எங்களுடைய மொழியாகவும் இருந்தது.

இனி கூட்டத்தில் சொன்ன காரணங்களுக்கு வருவோம்.

முதல் காரணம்: "பிரச்சினை வரும்."

யாரிடமிருந்து? 2024 ஜூலையில் அமைச்சரவையே கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. நீர்நிலைகளில் செய்த ஆய்வையும் அப்போது எடுத்துக் காட்டினார்கள். எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்ற கணக்கும் அரசாங்கத்தின் கணக்குத்தான். செய்தவர்களே பிழை என்று ஒப்புக்கொண்ட ஒன்றை மதிலில் வரைந்தால் எங்களுக்கு என்ன பிரச்சினை வரும்? 2020இல், நிஜமாகவே பயப்பட வேண்டிய நேரத்தில், பெயர் தெரியாத மனிதர்கள் பொலிஸாருக்கு முன்னால் வந்து கட்டிவிட்டுப் போனார்கள். இன்றைக்கு எங்கள் சொந்த மதிலில், சொந்தப் பெயின்டில், படத்தை வரையக்கூடப் பயம் என்றால் அந்தப் பயத்தை யாரும் எங்கள் மேல் போடவில்லை. நாங்களே வளர்த்துக்கொண்டது.

இரண்டாவது காரணம்: "சீலை கட்டுவது நேர்ச்சைக்காரர் வேலை. பிள்ளைகளுக்குத் தப்பான விஷயம் போய்ச் சேரும்."

மார்க்க அக்கறையோடு சொன்னதால் மரியாதையோடு பதில் சொல்கிறோம். கனத்தையில் சீலை கட்டியவர் அந்தச் சீலையிடம் எதையும் கேட்கவில்லை. நோய் தீர வேண்டும் என்று கேட்கவில்லை, பிள்ளை வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டது ஆட்சியாளரிடம். ஜனாஸாவைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, அடக்குவது எங்கள் மேல் கடமை. அதைச் செய்ய விடுங்கள் என்று கேட்டார்கள். ஓர் உயிருள்ள உருவம்கூட இல்லாத படம் அது. மற்ற நான்கு படங்களிலும் மனித உருவம் இருக்கிறது. உருவம் வரைவது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றிக் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லையே? படைவீரரின் உருவத்துக்கு வராத மார்க்கப் பிரச்சினை வெள்ளைச் சீலைக்கு எப்படி வந்தது?

படைவீரர் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. பொதி கொண்டு வந்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும். டொக்டர்மார், தாதிமார், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் செய்த சேவையை மறப்பவர் நன்றி கெட்டவர். அந்த நான்கு படங்களும் இருக்கட்டும். ஆனால் நன்றி மட்டும் இருந்து நடந்தது இல்லாமல் போனால் அது சித்திரம் அல்ல, விளம்பரம்.

மூன்றாவது காரணம்: "பழையதைக் கிளறாதீங்க. பிள்ளைகளின் மனதில் வெறுப்பு வரும்."

இதைத்தான் ஆசிரியர்கள் என்ற வகையில் எங்களால் ஏற்கவே முடியவில்லை. அந்த ஐந்தாவது படத்தை வரைந்தவர் தரம் 10 மாணவி ஒருவர். அவருடைய உம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறோம். அந்தப் பிள்ளையின் மூத்தாப்பா கொழும்பில் மௌத்தானார். தகவல் வந்தது, ஜனாஸா வரவில்லை. வீட்டில் கபன் துணி தயாராக மடித்து வைத்திருந்தது. பல மாதம் அது அலுமாரியில் அப்படியே இருந்ததாம், யாருக்கும் எடுக்க மனம் வரவில்லையாம். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் என்ன கிளறப் போகிறோம்? அது அவருடைய வீட்டில் தினமும் இருக்கிற விஷயம். மதிலில் இல்லையென்றால், தன் வீட்டில் நடந்தது ஊருக்கு வெட்கமான விஷயம் என்றுதான் அந்தப் பிள்ளை விளங்கிக்கொள்ளும்.

வெறுப்பைப் பற்றியும் சொல்கிறோம். இந்தக் கதையை முழுசாகச் சொன்னால் பிள்ளை யாரை வெறுக்கும்? சீலை கட்ட வந்த சிங்களச் சகோதரரையா? 2021 பெப்ரவரியில் பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியில், ஜனாஸா எரிப்பை நிறுத்து என்ற கோரிக்கையையும் சுமந்து நடந்த தமிழ் மக்களையா? அரைகுறையாக, வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகக் கேட்கிற பிள்ளைதான் வெறுக்கும். முழுக்கதையில் எங்களோடு நின்றவர்களும் இருக்கிறார்கள்.

ஓட்டமாவடிக்குப் போய் வந்தவர்கள் யோசியுங்கள். 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. மார்ச் 5ஆம் திகதி சூடுபத்தினசேனை மஜ்மா நகரில் முதல் அடக்கம் நடந்தது. அடுத்த ஒரு வருடத்தில் அங்கே 3,600க்கும் மேற்பட்டோர் அடக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் முஸ்லிம்கள். இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அதே மண்ணில்தான் இருக்கிறார்கள். ஒரு முஸ்லிம் கிராமம் நாலு சமூகத்துக்கும் இடம் கொடுத்தது. இதைச் சொன்னால் வெறுப்பு வருமா?

வெளிநாட்டு உதாரணம் கேட்பவர்களுக்கு ஒன்று. லண்டனில் தேம்ஸ் நதிக் கரையில், பாராளுமன்றத்துக்கு நேர் எதிரே, அரைக் கிலோமீற்றர் நீளச் சுவர் ஒன்று இருக்கிறது. 2021 மார்ச்சில் கொவிட்டில் உறவுகளை இழந்த குடும்பங்கள் அதில் கையால் சிவப்பு இதயம் வரையத் தொடங்கின. ஒரு மரணத்துக்கு ஓர் இதயம், ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். உள்ளே பெயர்களை எழுதினார்கள். வெயிலிலும் மழையிலும் நிறம் மங்க மங்க, தொண்டர்கள் வந்து திரும்பத் திரும்பத் தீட்டுகிறார்கள். சட்டம் செய்கிறவர்கள் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற இடத்தில் அதை வரைந்தார்கள். "பழையதைக் கிளறாதீங்க" என்று சொன்னவர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள். சுவர் இன்னும் இருக்கிறது.

எங்கள் நாட்டிலும் மதில் சித்திரத்துக்குக் குறைவில்லை. 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு ஊர் ஊராக இளைஞர்கள் மதில்களுக்கு வர்ணம் பூசியதை மறந்திருக்க மாட்டீர்கள். அரசர்கள், போர்வீரர்கள், வயல்வெளிகள். அந்த மதில்களில் எங்களைத் தேடிப் பார்த்தோம், அரிதாகத்தான் கிடைத்தோம். அப்போது நாங்கள் முறைப்பட்டோம், "எங்களை வரையவில்லை" என்று. இப்போது மதில் எங்களுடையது, பெயின்ட் எங்களுடையது, தூரிகை எங்கள் பிள்ளைகளின் கையில். இப்போதும் நாங்கள் அந்த மதிலில் இல்லையென்றால் யாரிடம் முறைப்படுவது?

எங்களையும் சேர்த்தே குறை சொல்கிறோம். 2020 டிசம்பரில் எங்களில் பலர் முகநூல் படத்தை வெள்ளையாக மாற்றினோம். அடுத்த மாதம் கல்யாண வீட்டுப் படம் போட்டோம். கட்டிய சீலையில் ஒன்றையாவது எடுத்துப் பாதுகாத்தோமா? எங்கள் ஊரிலிருந்து எரிக்கப்பட்டவர்களின் பெயர்களையாவது ஒரு கொப்பியில் எழுதி வைத்தோமா? இல்லை. படிப்பிக்கிற நாங்களே அதைச் செய்யவில்லை. ஒரு தரம் 10 பிள்ளை வரைந்து காட்டியபோதுதான் எங்களுக்கு வெட்கம் வந்தது.

அதனால் எங்கள் கோரிக்கை இதுதான்.

ஐந்தாவது படத்துக்கும் மதிலில் இடம் கொடுங்கள். ஓரத்தில் அல்ல, கேற்றுக்குப் பக்கத்தில். 276 வெள்ளைத் துண்டுகள், ஒரு மாணவர் ஒரு துண்டு. அதற்கு அப்பால் வேலியில் கொஞ்சம் இடம் வெறுமையாக இருக்கட்டும். அடக்க விரும்பியும் எரிக்கப்பட்ட கிறிஸ்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் அது. பெயர் எழுத வேண்டாம், குடும்பங்கள் விரும்பினால் மட்டும் பிறகு எழுதலாம். யாரையும் குற்றம் சாட்டும் வாசகம் வேண்டாம். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 9ஆம் திகதி பிள்ளைகள் வந்து மங்கிய வெள்ளையைத் திரும்பத் தீட்டட்டும். ஒரு வாளி வெள்ளைப் பெயின்ட் போதும். அந்தச் செலவை ஆசிரியர்கள் நாங்கள் பொறுப்பெடுக்கிறோம், பழைய மாணவர்களிடம் கேட்க மாட்டோம்.

வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலையில் திரும்பவும் கூட்டம். உடன்படாதவர்கள் கட்டாயம் வாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போடுவதைவிட அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், "உன் மூத்தாப்பாவின் சீலைக்கு எங்கட மதிலில் இடமில்லை" என்று. சொல்ல முடிந்தால் நாங்கள் படத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்.

எரிக்கப்பட்டவர்களையும் அடக்கப்பட்டவர்களையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. எங்களுக்கு ஞாபகத்தையும் தைரியத்தையும் தருவானாக.

வஸ்ஸலாம்.