ஒரு கூட்டுக்கு ஓர் அரசி போதுமா?

ஜவ்வாது மலைத் தேனின் சுவையை அறியாதார் நம் பகுதியில் மிகச் சிலரே. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களைத் தழுவி நிற்கும் அம்மலையில், மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை விதைத்தும் தேன் எடுத்தும் வாழ்ந்து வருகின்றனர். அத்தேனை நாவில் இட்டு மகிழும் நாம், அது பிறந்த கூட்டினுள் நடைபெறும் அரசுரிமைப் போரை எண்ணிப் பார்ப்பதில்லை.

கூட்டம் பெருகிப் பிரியும் பருவத்தில், வேலைக்காரத் தேனீக்கள் அரசிகளுக்கென்று தனி அறைகள் பல கட்டுகின்றன. பழைய அரசி ஒரு கூட்டத்துடன் வெளியேறிவிடும். அறையை உடைத்து முதலில் வெளிவரும் இளைய அரசி, இன்னும் வெளிவராத தன் உடன்பிறப்புகளைக் கொடுக்கால் குத்திக் கொல்வதுண்டு.

தேனீக்களைப் பற்றிய இச்செய்தியே தம் கதைக்கு வித்து என்று கூறியவர் அமெரிக்க எழுத்தாளர் கெண்டார் பிளேக். 2016 முதல் 2019 வரை நான்கு புதினங்களாக வெளிவந்த அவருடைய ‘த்ரீ டார்க் கிரௌன்ஸ்’ வரிசையை, ஆங்கிலம் பயிலும் இளைஞர் உலகெங்கும் படிக்கின்றனர். ஒரு கற்பனைத் தீவு, அங்கே ஒரே சூலில் பிறந்த மூன்று அரசிளங்குமரியர், மணிமுடியோ ஒன்று. சிறுவயதிலேயே பிரிக்கப்பட்டு வெவ்வேறு குடும்பங்களில் வளரும் அம்மூவரும், பதினாறு வயது நிரம்பியபின் ஒருவரையொருவர் கொல்ல முயல வேண்டும். எஞ்சுபவளே அரசி.

இத்தகைய இருண்ட கதைகள் இளம் உள்ளங்களைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. நஞ்சும் குருதியும் மலிந்த நூலைப் பிள்ளையின் கையில் காணும் பெற்றோர் கலங்குவது இயல்பே. ஆயினும், அக்கதையை ஊன்றிப் படிப்பார்க்கு ஓர் உண்மை புலனாகும். குமரியர் பகையோடு பிறக்கவில்லை. மூத்தவளான மிரபெல்லா, குழந்தைப் பருவத்து அன்பை மறக்க இயலாமல் தவிக்கிறாள். பகையை ஊட்டி வளர்ப்போர், அவர்களுள் ஒருத்தியை அரியணையில் ஏற்றித் தாம் ஆள விரும்பும் குடும்பத்தாரும் கோயிலாரும் ஆவர். இளையோர் இதனை உணர்வது நன்று என்பதே நம் கருத்து.

வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. 1657ஆம் ஆண்டு ஷாஜஹான் நோயுற்றபோது மூண்ட அரசுரிமைப் போரில், மூத்த மகள் ஜஹானாரா தாராவின் பக்கமும், இளையவள் ரோஷனாரா ஔரங்கசீப்பின் பக்கமும் நின்றனர். அரியணை ஏற இயலாத அச்சகோதரியரையும் அரியணையே இருகூறாக்கியது. தோற்ற தரப்பைச் சார்ந்த ஜஹானாரா, சிறைப்பட்ட தந்தைக்கு 1666இல் அவர் மறையும்வரை ஆக்ராக் கோட்டையில் பணிவிடை செய்தார். பின்னர் ஔரங்கசீப்பே அவரை அரண்மனைப் பெண்டிருள் முதல்வியாக உயர்த்தினார்.

நம் தமிழகத்திலும் அரச சகோதரியர் இருவர் இருந்தனர். மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பாரியை வீழ்த்தியபின், பறம்பு மலையை இழந்து நின்ற பாரி மகளிர் அவர்கள். பிற்கால மரபு அவர்களை அங்கவை, சங்கவை என அழைக்கிறது. கபிலர் அவர்களை அழைத்துக்கொண்டு குறுநில மன்னர் வாயில்தோறும் சென்ற துயரைப் புறநானூறு காட்டுகிறது. தந்தையையும் குன்றையும் இழந்த நிலையை இருவரும் ஒரே குரலில் பாடிய ஒரே பாடல் இன்றும் வாழ்கிறது. ஆட்சி அழிந்தது; உடன்பிறந்தாரின் ஒற்றுமை அழியவில்லை. இக்கதையை இளையோர்க்கான விரிந்த புதினமாக எழுதும் பணி நம் மாணவ எழுத்தாளர்களுக்காகக் காத்திருக்கிறது.

இனித் தேன்கூட்டிற்குத் திரும்புவோம். கூட்டினுள் கொலை மட்டுமே நிகழ்வதில்லை. கூட்டம் வலுவாக இருப்பின், வேலைக்காரத் தேனீக்கள் மற்ற அரசி அறைகளைக் காவல் காத்து, முதலில் வந்தவள் அவற்றை அழிக்கவொட்டாமல் தடுக்கின்றன. அப்போது இளைய அரசி ஒருத்தி மற்றொரு கூட்டத்துடன் புறப்பட்டுப் புதிய கூடு அமைக்கிறாள். காப்பார் இருந்தால் இரு சகோதரியரும் வாழ்வர்.

அரியணைகள் மறைந்துவிட்டன. ஆனால் நம் இல்லங்களில் ஓர் இருக்கை உண்டு. அது கல்லூரி இருக்கை. “வீட்டில் ஒருத்தி படித்தால் போதும்” என்ற சொல் மலையிலும் கேட்கிறது, நம் தெருவிலும் கேட்கிறது. நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவியிடம், “உன் அக்கா என்ன படித்தாள்?” என்று கேட்டுப் பாருங்கள். தலைகுனிந்து, “பத்தாவதோடு நின்றுவிட்டாள்” என்பாரைக் கண்டிருக்கிறோம். அக்காள் விட்டுக்கொடுத்த இருக்கையில் தங்கை அமர்ந்திருக்கிறாள். அங்கே நஞ்சும் இல்லை, வாளும் இல்லை. எனினும் ஒருத்தியின் எதிர்காலம் மடிந்திருக்கிறது. அதனைக் கொலை என்று எவரும் கூறுவதில்லை.

இளையோர் இருண்ட கதை படிப்பதைக் கண்டு வருந்தும் பெரியோர், அக்கதை நம் வீட்டிலேயே நிகழாதவாறு காத்தல் வேண்டும். பெற்றோரும் ஜமாஅத் பெரியோரும் கல்வி நிறுவனங்களும் அறைகளைக் காக்கும் தேனீக்களாக விளங்கட்டும். இரண்டாம் மகளுக்கும் ஓர் உதவித்தொகை, ஒரு விடுதி இடம், இன்னும் ஓராண்டுப் பொறுமை ஆகியவற்றை நாம் தர இயலும். ஒரு மகளை அரசியாக்க மற்றொருத்தியைப் பலியிடாத இல்லமே தேன் நிறைந்த கூடு.