கசடும் பாலை மண்ணும்

நியூயார்க் நகரம் 1992 வரை தன் சாக்கடைக் கசடைக் கடலில் கொட்டிவந்தது. சட்டம் அதைத் தடுத்ததும், கசடு ரயிலேறி டெக்சாஸ் பாலைவனத்துக்கு வந்தது. சியரா பிளாங்கா என்ற சிற்றூரை ஒட்டிய பண்ணை நிலத்தில் 2001 வரை அதைப் பரப்பினார்கள். கசடில் சத்து இருப்பதை நான் மறுக்கவில்லை. கையில் அள்ளினால் விரலிடுக்கில் உதிர்ந்தோடும் பாலை மண்ணில் மட்கு மிகக் குறைவு. நைட்ரஜனும் பாஸ்பரஸும் கொண்ட இந்தக் கருப்புக் கட்டிகள் அதில் கலந்தால் மண் ஈரம் பிடிக்கும், புல் தழைக்கும். ஆனால் சாக்கடைக்குள் போவது மலம் மட்டுமா? தொழிற்சாலைக் கழிவும், எளிதில் அழியாத ஃபுளோரின் ரசாயனங்களும் அதே குழாயில்தான் போகின்றன. கிருமியைக் கொல்லும் சுத்திகரிப்பு அவற்றை அகற்றுவதில்லை. அவற்றால் பண்ணைகள் பாழானதைக் கண்ட அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2022இல் கசடு உரத்துக்கே தடை போட்டது. பாலைவனம் ஆளில்லாத இடம் என்ற நினைப்புதான் பெரிய தவறு. சியரா பிளாங்காவில் இருப்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ வழிவந்த ஏழைக் குடும்பங்கள். நாற்றம் அவர்கள் வீட்டுக்குள் வந்தது. கசடை உரம் என்று சொல்லி அனுப்பும் எந்த நகரமும், ஒவ்வொரு லோடின் ஆய்வு முடிவையும் முதலில் அதைப் பெறும் ஊர்க்காரர்கள் கையில் கொடுக்கட்டும். அவர்கள் சம்மதித்த பிறகு வண்டி கிளம்பட்டும்.