குல்மார்க் பனியும் தனுஷ்கோடி மணலும்

போன வாரம் மச்சான் போன் பண்ணினான். "மாப்ள, குல்மார்க் போறோம். இடுப்பளவுக்குப் பொடிப்பனி கிடக்குமாம். பனிச்சறுக்குப் பலகை ஒரு ஜோடி வாங்கிரலாம்னு இருக்கேன். எது நல்லது?"

ராமநாதபுரத்துக்காரன்கிட்ட கேக்குற கேள்வியா இது? நமக்கு ஐஸ்னா மீன் பெட்டிக்குள்ள பாத்ததுதான் :) ஆனா யோசிச்சுப் பார்த்தா, இதுக்கான பதில் ரெண்டு பேருக்குமே தெரியும். 2009-ல் தனுஷ்கோடியில் பட்டது மறந்துபோச்சா?

அப்போ தார் ரோடு முகுந்தராயர் சத்திரத்தோட முடிஞ்சிரும். அரிச்சல்முனை வரைக்கும் ரோடு வந்தது 2017-ல் தான். அதுவரை மணல்ல வேன்காரங்கதான் கூட்டிட்டுப் போவாங்க. நம்மாளு கேக்கலை, "என் வண்டி போகும்"னு சொந்தக் காரை இறக்கிட்டான். இருநூறடி போயிருப்போம், சக்கரம் புதைஞ்சிருச்சு. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் உள்ள போச்சு. பின்சீட்டுல அக்கா, கைக்குழந்தை. பொழுது சாயுது, குடிக்கத் தண்ணி இல்லை.

திரும்பி வந்த வேன்காரர் ஒருத்தர் இறங்கினார். "மிதிக்காதீங்க தம்பி, குழிதான் ஆகும்" என்றவர், நாலு டயர்லயும் பாதிக் காத்தை இறக்கிவிட்டார். சக்கரத்துக்கு முன்னால மணலைத் தள்ளி, பனைமட்டையைப் போட்டார். வண்டி மெதுவா ஏறி வந்துருச்சு.

கணக்கு எளிசுதான். முப்பது பவுண்டு காத்தைப் பதினஞ்சாக்கினா டயர் தரையில படுற பரப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும். அதே எடை அகலமாப் பரவும், மணல் தாங்கும். 1930 வாக்கில் லிபியப் பாலைவனத்துல கார் ஓட்டின ரால்ஃப் பேக்னால்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியும் இதே வழியைத்தான் கையாண்டார். ஒட்டகத்துக்குப் பாதம் அகலமா இருக்கிறதும் இதுக்குத்தான்.

பொடிப்பனியும் அப்படித்தான். சீர்படுத்தின சரிவுல ஓட்டுற பலகை நடுவுல 70, 80 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். பொடிப்பனிக்கானது 105-லிருந்து 120 வரை போகும். நுனி முன்கூட்டியே மேல்நோக்கி வளைஞ்சிருக்கும், இல்லேன்னா பனிக்குள்ள குத்திக்கும். நம்ம வள்ளத்தோட முன்பக்கத்தை நினைச்சுக்கோங்க.

அப்ப அகலமானதையே வாங்கிரலாமா? இங்கதான் என் கருத்து வேற. மணல்ல காத்தை இறக்கின டயரோட தார் ரோட்டுல வேகமா போனா டயர் சூடேறி வெடிக்கும். அதே மாதிரி, அகலப் பலகை கெட்டிப்பனியில சட்டுனு திரும்பாது, முழங்காலைப் பிடுங்கும். முதல்தடவை போறவன் நாள்பூரா நிக்கப்போறது கீழே உள்ள சின்னச் சரிவுலதான். அதுக்கு வாடகைக்குக் கிடைக்கிற சாதாரணப் பலகை போதும். பூட்ஸ் காலுக்குச் சரியா இருக்கான்னு பார்க்கிறது, பலகையை விட முக்கியம்.

இன்னொன்னு. குல்மார்க்கில் ஆழமான பொடிப்பனி கிடக்கிறது மேலே, அஃபர்வத் மலைச் சரிவுல. அங்கே பனிச்சரிவு வரும். 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் ரெண்டு பேர் அதுல செத்தாங்க. எத்தனை அகலப் பலகை வச்சிருந்தாலும் அது காப்பாத்தாது. அங்கே போறவங்க வழிகாட்டியோட, புதைஞ்சவங்களைத் தேடுற கருவி, குத்திப் பார்க்கிற கம்பி, மண்வெட்டி எல்லாம் கொண்டு போறாங்க. அதையெல்லாம் பயன்படுத்தவும் பழகியிருக்கணும்.

நம்மாளுங்க கிட்ட ஒரு வியாதி இருக்கு. பொருளை வாங்கிட்டா வித்தை வந்துரும்னு நம்புறது. இன்னைக்கும் அரிச்சல்முனைப் பக்கம் ரோடு இருக்க, போட்டோவுக்காகப் பெரிய வண்டியை மணல்ல இறக்கி மாட்டிக்கிறவங்க உண்டு. அன்னைக்கு நம்மளைக் காப்பாத்துனது வண்டி இல்லை, அந்த மணலை அறிஞ்ச ஒரு மனுஷன். மச்சானுக்கும் இதைத்தான் சொன்னேன்: "பலகை வாங்குற காசை, சொல்லித்தர்ற ஆளுக்குக் குடு."

"சரி மாப்ள"ன்னு வச்சிட்டான். கேப்பானான்னு தெரியலை. அக்காகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கேன்.

டிஸ்கி: அன்னைக்கு அந்த வேன்காரர் காசு வாங்கலை. "அடுத்த தடவை நம்ம வேன்ல வாங்க"ன்னு மட்டும் சொன்னார். போனோம் :)