ஊளம்பாறைப் பயம்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட் பங்களாவின் பேய்க்கதை ஊரறிந்தது. விறகு பொறுக்கப் போன சிறுமி திரும்பி வந்து ஆங்கிலத்தில் பேசினாளாம், சில நாளில் இறந்தாளாம். அது நடந்ததா இல்லையா என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் கண் நிலைகுத்தி, கேட்டதற்குப் பதிலில்லாமல் உடையைப் பிசைந்துகொண்டிருக்கும் ஒருவரைக் கண்டால் இன்றும் பேய் என்றே நினைக்கிறோம். நெற்றிப்பொட்டுக்கு உட்புறமுள்ள மூளைப் பகுதியில் கிளம்பும் வலிப்பும் இப்படி இருக்கலாம். வலிப்புள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மருந்து மட்டும் போதாது. அவர்களில் தகுந்தவர்களுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் 1995 முதல் அறுவை சிகிச்சை நடக்கிறது.

அதுவரை துணிந்து வரும் குடும்பங்கள்கூட ஒரு சீட்டைக் கண்டு பின்வாங்குகின்றன: அறுவைக்கு முன் மனநல ஆய்வு. இந்த மாவட்டத்தில் மனநல டாக்டர் என்றாலே ஊளம்பாறை மனநல ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வருகிறது. "வலிப்புதான், பைத்தியமில்லை" என்று மல்லுக்கு நிற்கிறார்கள். மனநல ஆய்வு பைத்தியத்துக்குத்தான் என்ற இந்த நம்பிக்கை தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலெய்சன் என்ற இளைஞருக்கு வலிப்பை நிறுத்த மூளையின் இருபுறமும் நினைவுக்குத் தேவையான ஹிப்போகேம்பஸ் பகுதியை எடுத்தார்கள். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் 2008இல் சாகும்வரை புதிதாகச் சந்தித்த எவரையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. இன்று கத்தி வைக்குமுன் அந்த ஆய்வில் சொற்களைச் சொல்லித் திரும்பக் கேட்பதும், படம் வரையச் சொல்வதும், எந்தப் பக்கம் எவ்வளவு எடுத்தால் எது போகும் என்று கணிக்கத்தான். மனச்சோர்வைப் பற்றிக் கேட்பதற்கும் காரணம் உண்டு. வலிப்புள்ளவர்களிடம் அது அதிகம்; வலிப்பு நின்றபிறகும் முதல் சில மாதங்களில் சிலருக்குப் புதிதாக வரும். முன்பு தற்கொலைக்கு முயன்றதை மறைத்தால், அந்த மாதங்களில் யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது டாக்டருக்குத் தெரியாமல் போகும். சம்பளம் நின்றுபோன எஸ்டேட்டில், ஒழுகும் தொழிலாளர் லயத்தில் வாழ்ந்தவருக்கு மனச்சோர்வு இருந்தால் அதில் என்ன வெட்கம்? சோர்வு இருக்கிறது என்பதற்காக மட்டும் அறுவையை மறுப்பதும் முறையல்ல. சிகிச்சை தந்து முன்னேறலாம். உங்கள் மனநல விவரத்தை ரகசியமாக வைக்கவேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் சொல்கிறது.

மருத்துவர்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். சீட்டை மட்டும் நீட்டாதீர்கள், எதற்கென்று சொல்லுங்கள். லயத்துப் பிள்ளை வீட்டில் பேசுவது தமிழ். அவளுடைய நினைவாற்றலை மலையாளச் சொற்களால் அளந்தால் கணக்கு தப்பும். குடும்பத்தாரும் தயங்காமல், தமிழிலேயே சோதிக்கச் சொல்லுங்கள்.